சிலம்பக்காரன் கீழே விழுந்தால்? தரைப்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சிலம்பக்கூடத்தில் நான் மூத்த மாணவன். வாத்தியாருக்கு வயதாகிவிட்டதால் சாயங்கால வகுப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சிலம்பத்தோடு தரையில் புரண்டு சண்டையிடும் பயிற்சியும் வேண்டுமா என்று ஒரு வருடமாக எங்கள் கூடத்தில் ஓயாத பேச்சு. பெற்றோர், பையன்கள், பக்கத்து ஊர் ஆசான்கள் என்று ஆளாளுக்குக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது?

ஒரு காலேஜ் பையனால். ஜூடோ ஆடியவன், சிலம்பம் கற்க வந்தான். மூன்றாவது மாதம் என்னோடு விளையாட்டாகக் கம்பு எடுத்தான். இரண்டு தடவை முழங்காலில் தொட்டேன். மூன்றாவது தடவை நான் தலைக்கு வீச, அவன் பின்வாங்காமல் வீச்சுக்குள்ளேயே புகுந்துவிட்டான். என் கம்பு அவன் முதுகுக்குப் பின்னால் காற்றைத் துழாவியது. அடுத்து எனக்குத் தெரிந்தது வானம்.

நெஞ்சுக்குக் குறுக்கே என் கம்பு. அதன் ஒரு முனையில் அவன் முழங்கால். கம்பை இரண்டு கையாலும் நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அதனாலேயே என் இரண்டு கையும் எதற்கும் உதவாமல் கிடக்கின்றன. "அண்ணா, கம்பை விடுங்க" என்றான். விட மனசு வரவில்லை. உயிர் போனாலும் கம்பை விடாதே என்று பதினைந்து வருடம் கேட்டு வளர்ந்த கை.

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த வாத்தியார், "இது சிலம்பமில்ல கண்ணு" என்றார்.

"சரிங்கய்யா. ஆனா அண்ணன் கீழ கெடக்குறாரே" என்றான் பையன்.

சிமெண்டுக் களத்தில் சிராய்த்த முழங்கை ஆற பத்து நாள் ஆனது. அந்தப் பதிலுக்கு மறுபதில் யோசிக்க அதைவிட நாளானது.

தரைச்சண்டை என்றால் என்ன? இரண்டு பேர் கட்டிப் புரள்வதா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே கணக்கு இருக்கிறது. எதிராளியின் இடுப்பை அசையவிடாமல் மேலே ஏறி அமர்வது, அடியில் இருப்பவன் தன் கால்களை வேலி போல நடுவில் வைத்து அவனை நெருங்கவிடாமல் தடுப்பது, கை மூட்டைத் திருப்பிப் பணிய வைப்பது, கழுத்து ரத்தக்குழாயை அழுத்தி மயக்கமடையச் செய்வது. எல்லாவற்றுக்கும் எதிர்ப்பூட்டு உண்டு.

உலகம் முழுக்க இது பேசப்பட்டது 1993க்குப் பிறகு. அந்த வருடம் நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில், எந்த வித்தைக்காரரும் எந்த வித்தைக்காரரோடும் மோதலாம் என்ற யூஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தது. பிரேசில்காரரான ராய்ஸ் கிரேசி, பார்த்தால் பயம் வராத ஒல்லியான உடம்புக்காரர், ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்தார். குத்துச்சண்டைக்காரரும் அதில் ஒருவர். கிரேசி குடும்பத்தின் வித்தைக்கு வேர் ஜப்பானிய ஜூடோ. 1914இல் பிரேசில் போய் இறங்கிய மயேதா என்ற ஜூடோக்காரரிடம் அந்தக் குடும்பம் கற்றது. அன்றிலிருந்து கராத்தே, குங்ஃபூ, கிராவ் மகா என்று எல்லாக் கூடங்களிலும் இதே கேள்விதான். நம் களத்துக்கு வந்து சேரத்தான் கொஞ்சம் தாமதம்.

சிலம்பத்தில் எல்லாமே இருக்கிறது, தரைப்பாடமும் இருக்கிறது என்கிறார்களே?

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆவதில்லை. இருப்பதை இருக்கிறது என்று சொல்வோம், இல்லாததை இல்லை என்று சொல்வோம்.

இருப்பது: குத்துவரிசை, அடிவரிசை, பிடிவரிசை. பிடிவரிசையில் மணிக்கட்டைத் திருப்பிக் கீழே தள்ளும் பாடங்கள் உண்டு. ஒரு முழங்கால் மண்ணில் படப் பதுங்கி வீசும் நிலைகள் உண்டு. உட்கார்ந்தபடி கம்பு சுற்றும் அடவுகளும் உண்டு, அவை பெரும்பாலும் அலங்காரத்துக்கு.

இல்லாதது: மல்லாந்து கிடப்பவன் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான பாடம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வாத்தியாருக்கும் அவருடைய வாத்தியார் சொல்லித் தரவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் தமிழனுக்குத் தரைச்சண்டையே தெரியாது என்றால் அதுவும் பொய். புறநானூற்றின் 80ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைச் சாய்க்கிறான். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகில் வளைகிறது. மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானை போலத் தலையும் காலும் முறிய மோதினான் என்கிறார் புலவர். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சில் ஏறியிருந்த ஜூடோப் பையனின் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. கூட இருந்து பார்த்தவர் போல எழுதியிருக்கிறார்.

ஆக, மற்போர் இங்கே இருந்தது. அது மல்லனின் கூடத்தில் இருந்தது, கம்புக்காரனின் கூடத்தில் இல்லை. மல்லர்கள் பழகும் மண்களமான கோதா வேறு, சிலம்பக்களம் வேறு. பயில்வான் கரலாக்கட்டை சுற்றி, தண்டால் எடுத்து, குழைத்த மண்ணில் புரண்டான். கம்புக்காரன் காலடி வைத்துப் பழகினான். பின்னால் கோதாக்கள் ஒவ்வொன்றாக மூடிப்போய், "கோதாவில் இறங்கினார்" என்ற பேச்சு மட்டும் அரசியல் செய்திகளில் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் காலத்து ஆசான்கள் ஏன் இதைச் சேர்க்கவில்லை? அவர்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் இல்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. நெற்றி உயரக் கம்பு கையில் இருக்கிறவனுக்குப் பிழைப்பே தூரத்தில்தான். எதிரில் நான்கு பேர், அவர்கள் கையிலும் கம்போ அரிவாளோ இருக்கும். ஒருவனைக் கட்டிப்பிடித்துப் படுத்தால் மற்ற மூவர் சும்மா நிற்பார்களா? கம்பை நாலாபக்கமும் வீசித் தன்னைச் சுற்றி அரண் போடுவதை 'வீடு கட்டுவது' என்போம், அந்தப் பாடம் முழுக்கச் சுற்றி நிற்கும் பல பேரை மனதில் வைத்துத்தான்.

அப்புறம் மண். நம் மேட்டாங்காட்டில் வெறும் முதுகோடு ஒரு தடவை படுத்துப் பாருங்கள். சுக்கான்கல், சரளை, நெருஞ்சி முள். இந்த ஊரில் தரைச்சண்டை பிறக்காததற்கு நெருஞ்சியும் ஒரு காரணம் என்று வாத்தியாரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

தீரன் சின்னமலை என்ன தரையில் புரண்டா சண்டை போட்டார்?

எங்கள் பக்கம் எந்த விவாதமும் ஐந்தாவது நிமிடத்தில் சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலைக்குப் போய்விடும். சின்னமலை கம்பெனிப் படையோடு மோதியவர், 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். அவர் காலத்துப் போர் குதிரை, வாள், துப்பாக்கி, பீரங்கி. நம் கேள்வியோ பேருந்து நிலையத்தில் ஒருவன் இடுப்பைப் பிடித்துத் தள்ளினால் என்ன செய்வது என்பது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அவரை விட்டுவிடலாம்.

"பத்தில் ஒன்பது சண்டை தரையில்தான் முடியும்" என்கிறார்களே, உண்மையா?

யூடியூபில் இதைச் சொல்லாத ஆளில்லை. இந்தப் பேச்சுக்கு மூலம் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸாரின் கைது விவரங்கள் என்பார்கள். போலீஸ்காரர் வேண்டுமென்றேதான் ஆளைத் தரைக்குக் கொண்டுபோகிறார், விலங்கு மாட்ட வேண்டுமே. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து தேர்த்திருவிழாக் கடைகளில் நடக்கும் தள்ளுமுள்ளுக்குப் பொருத்தினால் எப்படி?

நான் நேரில் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் சட்டையைப் பிடிப்பதோடு சரி. அக்கம்பக்கத்தார் விலக்கிவிடுவார்கள். மீதியில் யாராவது விழுந்திருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டு விழவில்லை. செருப்பு வழுக்கியது, வேட்டி தடுக்கியது, பின்னால் சாக்கடைத் திண்டு இருந்தது. விழுந்தவனை எதிராளி பூட்டுப் போட்டுப் பிடிக்கவும் இல்லை, காலால்தான் உதைத்தான். அதனால்தான் தரையில் ஜெயிக்கிற வித்தையை விட, அடிபடாமல் விழுந்து சட்டென்று எழுகிற வித்தை முக்கியம் என்கிறேன்.

சரி, அப்படியானால் சிலம்பம் கற்கிறவனுக்கு எதைச் சொல்லித் தர வேண்டும்?

நாங்கள் இப்போது எடுப்பது மூன்று பாடம்தான்.

முதலில் விழுவது. குத்துக்காலிட்ட நிலையிலிருந்து தொடங்குவோம். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், பின்மண்டை தரையில் படவே கூடாது. முதுகை வளைத்து உருண்டு, கைகளை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் படும்படி தரையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, பின்னால் கையை ஊன்றுவது. உடம்பின் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். அங்கே தாங்கினால் தோள்பட்டை எலும்பு வாங்கிக்கொள்ளும். சைக்கிளிலிருந்து விழுந்து கட்டுப்போட்டுக்கொண்ட பிள்ளைகளைக் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் கையை ஊன்றியவர்கள்தான்.

சிலம்பக்காரனுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை, கையில் கம்பு. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு விழுந்தால் தரையை அறையக் கை இல்லை, கம்பு முனை மண்ணில் குத்தித் தாடையைப் பதம்பார்க்கும். அதனால் விழும்போதே ஒரு கையை விடப் பழக்குகிறோம்.

இரண்டாவது எழுவது. இதை நான் அந்தப் பையனிடம் கற்றேன், வெட்கமில்லை. ஒரு கையைப் பின்னால் ஊன்று, அதற்கு எதிர்ப்பக்கப் பாதத்தை மண்ணில் பதி, இன்னொரு காலால் எதிராளியைத் தள்ளியபடி இடுப்பைத் தூக்கு. தூக்கியதும் தள்ளிய காலை உடம்புக்கு அடியில் பின்னால் இழுத்து ஊன்றி எழுந்து நில். முன்கை முகத்துக்கு முன்னால் இருக்கும், அந்தக் கையில்தான் கம்பு. முழுக்கம்பு இங்கே வேலைக்காகாது. மூன்றில் ஒரு பங்கு முன்னால் நீட்டும்படி பிடித்தால் குத்தலாம், தள்ளலாம். எழுந்து நிற்கும்போது பார்த்தால், அட, அது நம் முதல் காலடிதான். முன்கால் வளைந்து, பின்கால் நீண்டு. யார் யாரிடம் திருடினார்கள் என்று ஆராய்ச்சி வேண்டாம். மனித உடம்புக்கு மூட்டு இத்தனைதான்.

மூன்றாவது, கம்பை விடுவது. கேட்டதும் பழைய ஆட்களுக்குச் சுருக்கென்று குத்தும். எதிராளி கம்பைப் பிடித்துவிட்டால் முதலில் அவன் கட்டைவிரல் பக்கமாகச் சுழற்றி உருவப் பார்க்கலாம், விரல்கள் சேரும் அந்த இடைவெளிதான் பிடியின் பலவீனம். அது நடக்காமல் இரண்டு பேரும் விழுந்துவிட்டால் கம்பு இனி பாரம். விட்டுவிட்டுக் கையைக் காப்பாற்று. மூன்று பாடத்திலும் அதிக நாள் எடுப்பது இதுதான். சொன்னால் தலையாட்டுவார்கள், விழுந்ததும் கை தானாக இறுகும். எனக்கே இன்னும் இறுகுகிறது.

என் மகன் கபடி ஆடுகிறான். அவனுக்கும் இது தேவையா?

அவனுக்குப் பாதி முடிந்துவிட்டது. நம் பக்கம் நோம்பிக்கு நோம்பி கபடி நடக்காத ஊர் குறைவு. கணுக்கால் பிடி, தொடைப்பிடி, இடுப்பைக் கட்டித் தூக்குவது, நாலு பேர் மேலே விழுந்தும் கோட்டுக்கு ஊர்ந்து வருவது எல்லாம் தரைச்சண்டைக்கு அடிப்படை. நம்மூரில் கோதா மூடிய பிறகு மற்போரின் பழக்கம் கொஞ்சமாவது தங்கியிருப்பது கபடிக்களத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. சிலம்பக்கூடத்துப் பையனையும் கபடிப் பையனையும் ஒன்றாக விட்டால் முதல் நாள் கபடிக்காரன்தான் மேலே இருப்பான்.

ஒரே வித்தியாசம், கபடியில் குத்தும் உதையும் இல்லை, விசில் ஊதினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். முகத்தைக் காப்பாற்றும் பழக்கம் மட்டும் அவனுக்குப் புதிதாக வர வேண்டும்.

வர்மம் தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?

மேலே எழுபது கிலோ ஆள் உட்கார்ந்திருக்கும்போது விரலால் புள்ளி தேடிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

எந்த இடத்தில் பழகலாம்? மேட் வாங்க வசதி இல்லை.

சிமெண்டுக் களத்தில் வேண்டவே வேண்டாம். ஜூடோ விரிப்பு நல்லதுதான், விலை கூடம் தாங்காது. ஆற்று மணல் பரவாயில்லை, ஆனால் கண்ணிலும் வாயிலும் போகும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. நார் மில்லில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு. அரை முழ உயரத்துக்குக் கொட்டி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் நன்றாகத் தாங்குகிறது. தார்ப்பாய் இல்லாமல் கொட்டாதீர்கள், காய்ந்தால் தூசி, வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் மழை நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் காயாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: படை. உடம்போடு உடம்பு உரசும் பயிற்சியில் படர்தாமரை ஒருவனிடமிருந்து பத்துப் பேருக்குச் சுலபமாகப் பரவிவிடும். நகம் வெட்டியிருக்க வேண்டும், அரைஞாண் கயிறு தவிர வெள்ளி, தாயத்து, கடுக்கன் எதுவும் உடம்பில் கூடாது. வீட்டுக்குப் போனதும் குளியல். தோலில் வட்டமாகச் சிவந்திருந்தால் ஆறும்வரை அவன் கம்பு மட்டும் சுற்றட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?

விழுவதும் எழுவதும் ஆறு வயதிலேயே தரலாம், அவர்களுக்கு அது விளையாட்டு. கழுத்தை நெரிக்கும் பூட்டும் மூட்டைத் திருப்பும் பூட்டும் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் சரியாக அழுந்தினால் பெரிய ஆளுக்கே பத்து வினாடிக்குள் நினைவு போய்விடும். இதில் விளையாட்டுக்கு இடமில்லை.

பெரியவர்களுக்குப் பயிற்சி தரும்போது எங்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. பிடிச்சண்டை உலகத்தில் தரையையோ எதிராளியையோ கையால் தட்டினால் "ஒத்துக்கொண்டேன், விடு" என்று பொருள். சிலம்பத்தில் தட்டு என்றால் எதிராளி வீச்சைத் தடுப்பது. முதல் வாரம் நான் "தட்டுடா, தட்டுடா" என்று கத்த, கீழே கிடந்தவன் மேலே இருந்தவன் கையைத் தட்டித் தட்டித் தடுத்துக்கொண்டே இருந்தான். இப்போது "விடு" என்று வாயால் சொல்வதுதான் எங்கள் விதி.

பெண் பிள்ளைகளைத் தரையில் புரளச் சொல்வது சரியா என்று பெற்றோர் தயங்குகிறார்களே?

தயக்கம் நியாயமானது, அதற்காகப் பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை. எங்கள் கூடத்தில் பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடு மட்டும் பழகுகிறார்கள். மூத்த மாணவி ஒருத்திதான் சொல்லித் தருகிறாள். பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். துப்பட்டா இல்லாமல், சுடிதாருக்குப் பதில் டிராக் பேண்டும் முழுக்கை பனியனும். ஒரு பிள்ளையின் அம்மாயி முதல் நாள் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேத்தி தன் மேலிருந்தவளை இடுப்பைத் தூக்கிக் கவிழ்த்ததும், "இன்னொருக்கா செய்யி சாமி" என்றார்.

போட்டிக்கு இது உதவுமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு?

உதவாது. சிலம்பச் சண்டைப் போட்டியில் தொடுமுறைக்குத்தான், அதாவது கம்பால் எதிராளியின் உடம்பைத் தொடுவதற்குத்தான் புள்ளி. கேலோ இந்தியாவில் சிலம்பத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, தமிழ்நாட்டு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. மகன் அதற்குத்தான் வருகிறான் என்றால் கம்பை மட்டும் சுற்றட்டும், அதில் தவறில்லை.

தனியாகக் கற்றுக்கொள்வதென்றால் எதைக் கற்பது?

ஜூடோ என்பேன். கானோ ஜிகோரோ 1882இல் தொடங்கியது. விழுவதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள், எறிவதும் அமுக்குவதும் அப்புறம். எதிராளியின் முதுகைத் தரையில் படவைத்து 20 வினாடி அமுக்கினால் போட்டியே முடிந்தது. கோவை, ஈரோடு போன்ற ஊர்களில் தேடினால் வகுப்பு கிடைக்கும். பிரேசில் ஜியு-ஜிட்சு இன்னும் ஆழம், ஆனால் அடியில் படுத்துக்கொண்டே சண்டையிட வசதியாகப் பழக்கிவிடும். கம்புக்காரனுக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஜூடோவில் கற்றதை ஜூடோ என்றே சொல்லுங்கள். ஓலைச்சுவடியில் இருந்தது, அகத்தியர் சொன்னது என்று பெயர் மாற்றி விற்கிற ஆசான்களை நான் பார்த்துவிட்டேன்.

கம்புக்காரன் மண்ணில் விழுவது அபசகுனம் இல்லையா?

ஒரு பையனின் வீட்டில் அவன் அப்பாரு, அதாவது தாத்தா, இப்படிக் கேட்டாராம். அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்ட ஊர் நாம். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழுந்து கிடக்க, அவர்கள் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்புவாள். விழுந்தவனை எழுப்புகிற சடங்குக்கு இன்றும் சனம் கூடி நிற்கிறது. நாங்கள் செய்வதும் அதில் பாதிதான், தண்ணீர் இல்லாமல்.

உங்கள் வாத்தியார் ஒத்துக்கொண்டாரா?

வாய்விட்டு இல்லை. சனிக்கிழமை கடைசி அரை மணி நேரம் தார்ப்பாயை விரிப்போம். அந்த நேரம் பார்த்து அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாய்க்காலைப் பார்ப்பார். நான்கைந்து மாதம் இப்படி ஓடியது.

போன சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழும் பாடத்தில் திரும்பத் திரும்பப் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தான். நான் இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டேன். திரும்பினால் வாத்தியார் தார்ப்பாய் ஓரத்தில் நிற்கிறார், செருப்பைக் கழற்றிவிட்டு. கம்பு நுனியால் பையனின் வலது பாதத்தைத் தொட்டு, "இந்தக் கால அக்கட்டால வையி. ம்ம். இப்ப எந்திரி" என்றார். எழுந்துவிட்டான்.

என் பக்கம் திரும்பி, "அந்த ஜூடோக்காரன் எப்பக் கண்ணு வருவான்?" என்றார்.

"அடுத்த வாரம் பரீட்சை முடியுதுங்க."

"வரச் சொல்லு. கம்பு வேண்டாம், வெறுங்கையோட வரட்டும்."